ஐஸ்கடையின் காலி ஆணி

கடற்கரைச் சாலையில் அது எங்களுக்கு மூன்றாவது நாள். கார் ஓட்டுவது என் மனைவி, குறை சொல்வது நான். கல்யாணமான நாளிலிருந்து இந்த வேலைப் பிரிவினையில் மாற்றம் கிடையாது. அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. பழைய கோட்டை, அதைவிடப் பழைய சுங்கச்சாவடி, கலங்கரை விளக்கம், மீன்பிடித் துறைமுகம். நான்கும் ஒரே ஊரில். ஓய்வெடுக்கத்தானே கிளம்பினோம் என்று கேட்டுப் பார்த்தேன். "படுத்துக் கிடக்கணும்னா வீட்லயே கிடந்திருக்கலாமே" என்றாள்.

விடுதிகள் எல்லாம் நிரம்பிவிட்டதால் துறைமுகத்து ஐஸ்கடையின் மாடியில்தான் இடம் கிடைத்தது. ஓர் அறை, இரண்டு கட்டில், கடலைப் பார்த்த ஒரு ஜன்னல். திறந்தால் மீன் வாடை, மூடினால் புழுக்கம். விடிவதற்கு முன்பே கீழே ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அது ஓடிய ஓட்டத்தில் என் கட்டில் தானாக நகர்ந்துபோய் மனைவியின் கட்டிலை இடித்தது. அவள் அரைக்கண்ணால் பார்த்து, "இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடையை நடத்தியவளை ஊரே ஐஸக்கா என்றது. ஐம்பதை ஒட்டிய வயது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் சுற்றிய சாக்கு, குளிரில் சிவந்து தடித்த விரல்கள். அப்பா விட்டுப்போன கடை அது. பாதி ஆள் உயரக் கட்டியைக் கொக்கியால் இழுத்து இயந்திரத்தின் வாயில் தள்ளுவாள். மறுபக்கம் தூளாகக் கொட்டுவதைப் படகுக்காரர்கள் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போவார்கள். நாள் முழுக்க ஐஸோடு மல்லுக்கட்டுகிறவள் குடிப்பது என்னவோ ஆவி பறக்கும் வெந்நீர். அவள் கடையைத் தொடாமல் எந்தப் படகும் கடலுக்குப் போக முடியாது. ஐஸ் இல்லாமல் போனால் பிடித்த மீன் கரை சேருவதற்குள் நாறிவிடும்.

அதனால்தான் சாவிப் பலகையும் அங்கே இருந்தது. கல்லாவுக்குப் பின்னால், கதவளவு மரப்பலகையில் வரிசையாக ஆணிகள். கடலுக்குப் போகிறவன் வீட்டுச் சாவியைத் தன் ஆணியில் மாட்டிவிட்டுப் போவான், திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்வான். சாவி தண்ணீரில் விழுந்தால் பூட்டை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை அல்லவா? எது யாருடைய ஆணி என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஐஸக்காவுக்குத் தெரியும், அது போதும். பலகையில் சாவி தொங்கினால் ஆள் கடலில் இருக்கிறான் என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது.

காலையில் நாங்கள் கோட்டைக்குப் போக மாடியிலிருந்து இறங்கியபோது, பெரிய மீசை வைத்த படகு டிரைவர் ஒருவர் அவளைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, எனக்கு இன்னைக்கு ஒரு ஆள் குறையுது. உன் வீட்டுக்காரனை அனுப்பேன். கோட்டைல உக்காந்து டிக்கெட் கிழிச்சுக் கிழிச்சுத் துருப்பிடிச்சுப் போயிருப்பான்."

"அனுப்ப மாட்டேன்."

"எப்பேர்ப்பட்ட டிரைவர் அவன்! இப்படி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கியே."

"ஆமா, முடிஞ்சுதான் வச்சிருக்கேன். அவுத்து விடறதா இல்ல. ஐஸ அள்ளிக்கிட்டு இடத்தைக் காலி பண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஐஸ் பெட்டி தூக்கும் பெண் ஒருத்தி எங்களோடு சாலை வரை வந்து கதையைச் சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் நடுக்கடலில் படகு கவிழ்ந்ததாம். அக்காவின் கணவர் காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்தார். கூடப் போன இருவர் திரும்பவில்லை. அவர் மீண்டு வந்த வாரமே அக்கா மீன் ஏலக்கூடத்தின் நடுவில் நின்று, இனி என் புருஷன் கடலில் கால் வைத்தால் என்னை உயிரோடு பார்க்க முடியாது என்று கத்தியிருக்கிறாள். அன்றிலிருந்து ஊரில் அவளுக்கு நல்ல பெயர் இல்லை. "சிங்கம் மாதிரி இருந்த மனுஷனைப் பூனையாக்கிட்டா" என்று முடித்துவிட்டு அந்தப் பெண் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

கோட்டையில் பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு பீரங்கிகள், அவற்றின் மேல் ஏறக் கூடாது என்று ஓர் அறிவிப்பு, ஏறி நின்று படமெடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம். டிக்கெட் கொடுத்தவர் அகலமான தோள்களோடு அந்தச் சின்னக் கூண்டுக்குள் எப்படியோ அடங்கி உட்கார்ந்திருந்தார். கூண்டின் ஜன்னல் கடலைப் பார்த்திருந்தது. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன். ஐஸ்கடை மாடியில் தங்கியிருக்கிறோம் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம வீட்டு விருந்தாளிங்களா! சார், ஒரு உதவி. காலைல வீட்டைப் பூட்டிட்டு மறதியா சாவிய நானே எடுத்துட்டு வந்துட்டேன். மத்தியானம் அவ வீட்டுக்குப் போனா வாசல்லயே நிக்கணும். இதை அவகிட்ட குடுத்திடுறீங்களா?"

சாவியில் மஞ்சள் நிற மிதவைத் துண்டு ஒன்று கட்டியிருந்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நாங்கள் திரும்பியபோது கடையில் ஐஸக்கா இல்லை. பின்பக்கம் லாரிக்காரனோடு அவள் சண்டை போடும் சத்தம் கேட்டது. சண்டைக்கு நடுவில் போய் நிற்கும் தைரியம் எனக்குக் கிடையாது. பலகை நிறையச் சாவிகள் தொங்கின, மூலையில் ஓர் ஆணி காலியாக இருந்தது. ரொம்பப் பொருத்தமான இடம் என்று மாட்டிவிட்டேன்.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"கண்ணுக்கு நேரா தொங்குது. வந்தா எடுத்துக்கப் போறா."

கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். இருநூற்று எட்டுப் படிகள். என் முழங்கால் இன்றைக்கும் அவற்றை மறக்கவில்லை.

ஐந்து மணிக்குத் திரும்பினால் ஐஸ்கடை திறந்து கிடந்தது, உள்ளே ஆளில்லை. இயந்திரம் நின்றிருந்தது. படகுத் துறையில் கூட்டம், நடுவில் ஐஸக்காவின் குரல். காலையில் கதை சொன்ன பெண்ணிடம் என்ன விஷயம் என்று கேட்டேன்.

"அக்கா வீட்டுக்காரர் சொல்லாமக் கொள்ளாம கடலுக்குப் போயிட்டாரு சார். ஆறு வருஷமா காலியாக் கிடந்த அவர் ஆணியில சாவி தொங்குது. அக்கா கோட்டைக்கு ஓடிப் பாத்துச்சு, கூண்டு பூட்டியிருக்கு. அதே சாவியால வீட்டைத் திறந்து பாத்தா போன் சார்ஜ்ல கிடக்கு. வயர்லெஸ்ல எல்லாப் படகையும் கூப்பிட்டாச்சு. பதினோரு படகுல இல்லேன்னுட்டாங்க. ரெண்டு படகு பதிலே குடுக்கல."

டிக்கெட் கட்டு தீர்ந்துபோய் அவர் அந்த நேரம் பார்த்து அலுவலகத்துக்குப் போயிருந்தார் என்பது அப்புறம் தெரிந்தது. ஆனால் சாவியை மாட்டியது நான்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும். உடனே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் ஐஸக்கா மீசைக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டாள். ஆள் குறைந்ததால் அவர் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை.

"என்னய்யா சொன்ன அவர்கிட்ட? நீதான ஏதாவது சொல்லி உசுப்பிவிட்டிருப்ப?"

"ஐயோ, நான் ஆளையே பாக்கலக்கா. அப்படியே போனாத்தான் என்ன? பிறந்ததுல இருந்து பாத்த கடல்தான?"

"உனக்கு என்ன தெரியும்? அவரால முடியாதுய்யா!" என்றவள், சட்டையை விட்டுவிட்டு முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு அழுதாள்.

மூன்று நாளாக எதிலும் ஒட்டாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தவன் நான். அப்போது நிஜமாகவே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டேனே தவிர வாயைத் திறக்கவில்லை. மனைவி இரண்டு முறை என் விலாவில் இடித்துப் பார்த்தாள். இது தேறாது என்று தெரிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தானே முன்னால் போனாள்.

"அக்கா, அந்தச் சாவிய மாட்டினது உங்க வீட்டுக்காரர் இல்ல. எங்க வீட்டுக்காரர். கோட்டைல உங்க வீட்டுக்காரர்தான் உங்ககிட்ட குடுக்கச் சொல்லி இவர்கிட்ட குடுத்தாரு."

ஐஸக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஐஸ் கொக்கி பக்கத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா சார்?" என்றாள். அவ்வளவுதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சமயத்தில்தான் கோட்டையைப் பூட்டிவிட்டு அவர் வந்தார், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு. எதற்கு எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் நின்றார். மீசைக்காரர் போய் அவர் தோளில் கை போட்டார்.

"உன் பொண்டாட்டி உன்ன வயர்லெஸ்ல தேடிக்கிட்டிருக்காடா. கடல் பூரா இன்னைக்கு உன் பேருதான். பாவம்டா நீ. இவகிட்ட மாட்டிக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் கரையில கிடக்கப் போற? ஏக்கா, ஒரே ஒரு தடவை விட்டாத்தான் என்ன குறைஞ்சு போவ?"

ஐஸக்கா எழுந்து சாக்கில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "விட மாட்டேன். என்ன பண்ணுவ?" என்றாள். குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. கண்கள் மட்டும் சிவந்து வீங்கியிருந்தன. அவர் அந்தக் கண்களைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த மீசைக்காரரின் கையை எடுத்துக் கீழே விட்டார்.

"அவ எங்கடா என்னைப் பிடிச்சு வச்சா? பயம் எனக்குத்தான். அன்னைக்குக் கரைக்கு வந்ததுல இருந்து படகுல கால் வைக்கணும்னு நினைச்சாலே கை நடுங்குது. கடலைப் பாத்து உக்காரக்கூட முடியல. போடான்னு சொன்னாலும் போக மாட்டேன், போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஐஸக்கா விறுவிறுவென்று வந்து கணவரின் கையிலிருந்த தூக்கைப் பிடுங்கினாள்.

"உன்னை யாருய்யா இதெல்லாம் சொல்லச் சொன்னது?" என்றாள். "ஆறு வருஷமா இந்த ஊர்ல நான் வாங்கி வச்ச கெட்ட பேரையெல்லாம் இப்படி ஒரே நிமிஷத்துல வீணாக்கிட்டியே!"