மாமியின் அகப்பையும் காலை ஓட்டமும்

என் மருமகன் கொழும்பில் வேலை செய்கிறார். லீவுக்கு வந்தால் சுபஹ் தொழுத கையோடு சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடப் போவார். துரத்துவதற்கு யாரும் இல்லை, சும்மா ஓடுவதுதான். அதற்கு முன் சீனி போடாத கோப்பி ஒரு கோப்பை, வாழைப்பழம் பாதி. கவனியுங்கள், பாதி. இன்று காலையும் என் மனைவி இடியப்பத் தட்டோடு நின்று, "முட்டையாவது ஒண்டு அவிக்கட்டா மகன்?" என்று கேட்டாள். "போதும் மாமி, வயிறு பாரமா இருந்தா ஓட ஏலாது" என்றார் அவர். அவள் சரி என்று தட்டை மூடிவிட்டாள்.

அவ்வளவுதான். ஒரே ஒரு "போதும்"! நான் மாப்பிள்ளையாக இருந்த காலத்தில் அந்தச் சொல்லுக்கு இப்படியொரு மரியாதையை நான் கண்டதேயில்லை.

கோப்பி வாசம் இன்னும் அடுப்படியில் நிற்கிறது. ஆனால் அதில் முட்டை வாசம் இல்லை. என் மாமி, இவளுடைய உம்மா, அந்த நாளில் தரும் கோப்பியில் முட்டையை அடித்து, நுரை வர ஆற்றி, மேலே ஏலக்காய்த்தூள் தூவியிருக்கும். அதைக் குடித்தால் ஒரு நேரச் சாப்பாடு முடிந்த மாதிரி. மாமிக்கோ அது பிஸ்மி சொல்லித் தொடங்குவதற்கு மட்டும்தான்.

எனக்கு ஊர் எத்தாளை. கலியாணம் முடித்துப் போனது சைக்கிளில் போய்வரும் தூரத்தில் பக்கத்து ஊர். ஹஜ்ஜுப் பெருநாளன்று இரண்டு ஊருக்கும் கால்பந்தாட்டம் நடக்கும். நான் எத்தாளைப் பக்கம் பின்வரிசையில் நிற்பவன். பெரிய ஆட்டக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடி வருபவனை மறித்துக்கொண்டு நிற்பேன், அதற்குத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் அந்த இடம் எனக்குப் பெரிது. பொண்டாட்டியின் ஊரார் எல்லோரும் பார்க்க ஆடுவது என்றால் சும்மாவா?

எங்கள் கெப்டன் ஹமீது நானா, சைக்கிளில் பேக்கரிப் பாண் விற்பவர். சுபஹுக்குப் பிறகு கடற்கரை மணலில் எங்களை ஓட வைப்பார். ஓட வருமுன் ஒரு பிளேன்டீ, ஒரு கடி கருப்பட்டி. அவ்வளவுதான் அவருடைய சட்டம். "அதுக்கு மேல திண்டா பந்து எது, வயிறு எதுண்டு விளங்காது" என்பார்.

மாமிக்கு இந்தச் சட்டம் எப்படித் தெரியும்? புது மாப்பிள்ளை வெறும் வயிற்றோடு வாசல் தாண்டினால் ஊர் என்ன கதைக்கும் என்பதுதான் அவருக்குத் தெரியும். நான் தட்டைக் காலியாக்கினால் இன்னும் வைப்பார். மிச்சம் வைத்தால், "உப்பு கூடிட்டா மகன்?" என்று முகம் வாடும். தட்டின் மேல் கையை விரித்து மறித்தேன். அவர் அகப்பையோடு பக்கத்தில் நின்றார். என் கை எப்போதாவது அசையத்தானே வேண்டும்! அசைந்ததும் ஒரு ரொட்டியும் அதன் மேல் ஒரு அகப்பை கறியும் விழும்.

மணலில் நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடினேன். பொடியன்மார் விடுவார்களா? "மச்சான், உன்ட மாமி அந்த ஊர் டீமுக்கு ஆடுறா" என்றார்கள். ஹமீது நானா சிரிக்கவில்லை. "இன்னொரு நாள் இப்படி இழுபட்டா உன்ட இடத்துக்கு வேற ஆள் போடுவன்" என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி பள்ளிவாசல்தான். பாங்குக்கு வெகு முன்னமே எழும்பி, பூனை மாதிரி வெளியே போய், பின்னிரவுத் தொழுகையான தஹஜ்ஜுத்தைத் தொழுதுவிட்டு, சுபஹும் முடித்து, அப்படியே மணலுக்குப் போனேன். மாமாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "என்ட மருமகன் பாங்கு சொல்றவருக்கு முந்திப் பள்ளியில நிக்கிறார்" என்று கண்டவரிடமெல்லாம் சொன்னார். நான் மாமியின் அகப்பைக்குப் பயந்து போனதை அல்லாஹ் அறிவான். ஆனாலும் தொழுதது தொழுததுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது சைக்கிள் மணி கேட்டது. மாமா! ஹேண்டிலின் இரண்டு பக்கமும் சாப்பாட்டுப் பாத்திரங்கள் தொங்கின. "தம்பிமாரே, மருமகன் பசியோட தொழப் போறாரெண்டு மாமி அழுறா. எல்லாருக்கும் இரிக்கு. ஆறமுந்தித் தின்னுங்க."

என் இடம் போய்விட்டது என்றே நினைத்தேன். ஹமீது நானா முகத்தைக் கடுப்பாக்கிக்கொண்டு மூடியைத் திறந்தார். கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பெரிய மனிசர் கொண்டுவந்ததை மறுக்கக்கூடாது என்று எங்களுக்குப் புத்தி சொல்லிவிட்டு, முதல் ஆளாகக் குந்தினார். கடைசியாக எழும்பியவரும் அவர்தான். எழும்பியவரால் நடக்கத்தான் முடிந்தது. பிறகு யாரை எந்த வாயால் ஆட்டத்திலிருந்து நிற்பாட்டுவது?

என் இடம் தப்பியது. பெருநாள் ஆட்டம் தப்பவில்லை. மாமி ஆறுதல் சொன்னார்: "நான் சொன்னேன்தானே மகன், ஒழுங்காத் திங்காமப் போய்த்தான் தோத்தீங்க."

நாங்கள் ஓடிய மணலில் இப்போது ஹோட்டல் வேலி. அதற்கப்பால் வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிறார்கள். ஹமீது நானாவுக்குச் சீனி வருத்தம், அந்த ஒரு கடி கருப்பட்டிக்கும் டொக்டர் தடை. மாமி மௌத்தாகிவிட்டார். அல்லாஹ் அவரது கப்றை விசாலமாக்கட்டும்.

மருமகன் ஓடப் போன பிறகு, மேசையில் கிடந்த பாதிப் பழத்தை நான்தான் தின்றேன். மனைவி கேத்தலோடு வந்தாள். பழைய பழக்கத்தில் கோப்பையின் மேல் கையை விரித்தேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அகப்பையோடு பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் நான் கையைக் கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தேன்.