பொடியை விட்ட கண்டக்டர்

பிலோமின்ராஜ் என் கண்டக்டர். ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் நான் பஸ் ஓட்ட, அவன் டிக்கெட் கிழிப்பான். இப்படி ஒரு கிறுக்கனை நான் பார்த்ததில்லை. இப்படி ஒரு நல்லவனையும்தான்.

நின்றே வேலை பார்த்ததில் முழங்கால் போய்விட்டது. வையம்பட்டிச் சந்தையில் எவனோ விற்ற மூட்டுவலிப் பொடியை இரண்டு வருஷமாகத் தின்றான். வலி பறந்துவிட்டது. முகம் உப்பி உருண்டையானது. "என்னண்ணே, வீட்டுல நல்ல கவனிப்பா?" என்று பூக்காரப் பெண்கள் கிண்டல் செய்தால் வெட்கப்பட்டுச் சிரிப்பான். அந்தப் பாழாய்ப்போன பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்?

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்தான். அன்று தொடங்கும் நாற்பது நாள் தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள் ஆளுக்கொன்றை விடுவார்கள். கறி, பீடி, டீ. இவன் எதை விட்டான் தெரியுமா?

"பொடியை விட்டுட்டேன்டா சங்கர். வலிய ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்துட்டேன். ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டேன்."

"மண்டையில ஏதாச்சும் இருக்கா ஒனக்கு?" என்று திட்டினேன். கேட்கிற ஜென்மமா அது!

இரண்டாவது வாரமே ஆள் சுருண்டான். வாந்தி, எழுந்தால் தலைசுற்றல். அவன் மனைவி அமலராணி, "ஒறுத்தல்னா ஒடம்பு வாடத்தானே செய்யும்ண்ணே" என்றாள். நான் விடவில்லை. தென்னூரில் ஒரு டாக்டரிடம் இழுத்துப்போனேன். நான் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள், "மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லைங்க" என்றிருக்கிறான். பொய்யும் இல்லை, விட்டுவிட்டானே!

அந்த உப்பிய முகமும் இறங்கிய பிரஷரும் டாக்டருக்கு உறுத்தியிருக்கின்றன. மறுநாள் காலையிலேயே கார்டிசால் பார்க்க ரத்தம் எடுக்க வைத்தார். சாயங்காலம் எனக்குப் போன்.

"அவர் எங்க இருக்கார்? ஒடம்பைத் தாங்குற ஹார்மோன் சுத்தமா இல்லை. ஸ்டீராய்டு எதையாவது சாப்பிட்டு நிறுத்தினாரா?"

பொடியைச் சொன்னேன்.

"அய்யய்யோ! வெளியிலேருந்து வந்துக்கிட்டே இருந்ததால சுரப்பி தூங்கிடுச்சுங்க. திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. உடனே ஊசி போடணும், தூக்கிட்டு வாங்க!"

அமலராணிக்குப் போன் அடித்தேன். வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்குப் போயிருக்கிறான் என்றாள். பதினான்கு ஸ்தலங்களிலும் முழந்தாளிட்டு எழுகிற ஜெபம் அது. கோயிலுக்குள் போனை எடுக்கமாட்டான். ஓடினேன்.

எல்லோரும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெஞ்சில் அவன் மட்டும் முழந்தாளிட்டு, முன்கட்டையில் நெற்றியைச் சாய்த்திருந்தான். தோளைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. மூச்சில்லை.

பக்கத்தில் நின்ற அம்மா மெல்லச் சொன்னார்: "அஞ்சாம் ஸ்தலத்துலேருந்து எந்திரிக்கலைங்க. உருக்கமா வேண்டுறார்னு யாரும் தொந்தரவு பண்ணலை."