அரைநூல் செய்த கை

அங்குலத்தை எட்டாக வகுத்தால் அதில் ஒரு பங்கைத் தச்சர்கள் நூல் என்பார்கள். அதில் பாதி பிசகினால்கூட என் அத்தானுக்குத் தூக்கம் வராது. தெருவில் அவருக்குப் பெயரே அரைநூல்தான். ஜன்னல் கேட்டால், சுவருக்கு வெள்ளை அடித்து, அது உதிர்ந்து, மறுபடி அடித்த பிறகுதான் கொண்டுவருவார். ஆனால் கச்சிதமாக இருக்கும், அதை மறுக்க முடியாது.

பட்டறை வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. மேசை நடுவே வட்ட ரம்பம் சுற்றும் மெஷின். மரத்தூளில் பாதி கீழே பெட்டியில் விழும். மீதி மேலே கிளம்பி, படுக்கை, சமையலறை, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் என் அக்காவின் நெஞ்சில் போய் உட்காரும். பதினெட்டு வருஷமாக இந்தக் கூத்து. நாலு படி ஏறினால் அவளுக்கு மூச்சு விசிலடிக்கும். டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்: "தூள் நிக்கணும். இல்லன்னா நீங்க அந்த வீட்ல இருக்கக் கூடாது." அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"நிறுத்திக் காட்றேன். அப்புறம் அவளக் கூட்டிட்டு வா, மாப்ள," என்றார் அத்தான்.

ரம்பத்துக்கு மேலே கூரையிலிருந்து ஒரு கை தொங்குமாம். கையின் நுனியில் ரம்பத்தை மூட ஒரு கூடு, அதிலிருந்து குழாய், குழாயின் மறுமுனையில், சுவருக்கு வெளியே, தூளை உறிஞ்சும் மோட்டார். வேறு யாராவது என்றால் இரண்டு நாள் வேலை. இவருக்கு நான்கு மாதம் பிடித்தது.

"கூட்டுக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் போடுங்க அத்தான். உள்ள நடக்கறது தெரியும்."

"பிளாஸ்டிக்கா? நான் என்ன பக்கெட்டா விக்கறேன்?"

தேக்கில் செய்தார். ஓர் ஆணி கிடையாது, மூலைக்கு மூலை கோத்த வேலை. மூன்று கூடு செய்து, மூன்றும் மனசுக்குப் பிடிக்காமல் மூலையில் எறிந்துவிட்டு நாலாவதைச் செய்தார். தூளை நிறுத்துவதற்காக அவர் கிளப்பிய தூளில் இன்னொரு குடும்பமே இருமியிருக்கலாம். அக்கா தினமும் கேட்பாள்: "முடிச்சிட்டாராடா?" சொந்த வீட்டுக்குப் போக ஒருத்தி இப்படி ஏங்குவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஒருவழியாக முடித்தார். உள்ளதைச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. விரலால் தள்ளினால் கை சுவரோரம் மடங்கும், இழுத்தால் திரும்பி வரும். ஒரு துண்டுப் பலகையை அறுத்துவிட்டு, நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் நுனியை இழுத்து மேசையைத் துடைத்துக் காட்டினார். ஒரு பொட்டுத் தூள் இல்லை.

மறுநாள் காலை அக்கா பெட்டியோடு கிளம்பினாள், நானும் கூடப் போனேன். மெஷின் சத்தம் தெருவிலேயே கேட்டது. உள்ளே புகை மாதிரி தூள். கை சுவரோரம் மடங்கிக் கிடக்க, மோட்டார் மட்டும் வெறும் காற்றை மும்முரமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. புருவமெல்லாம் நரைத்துப் போய் அத்தான் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான் இது!"

மெஷினை நிறுத்தினார். "கூடு மறைக்குது மாப்ள. போட்ட கோடு தெரிய மாட்டேங்குது. கோட்டப் பாக்காம எப்படி அறுக்கறது?"

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு நேராகப் போனாள். கையை இழுத்து, ரம்பத்தின் மேல் கூட்டை இறக்கினாள்.

"இப்ப அறுங்க."

அறுத்தார். தூள் எழவே இல்லை. அக்கா மூக்கிலிருந்து கையை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பலகையைப் பார்த்தார். அளவுகோலை வைத்தார்.

"ஒரு நூல் போச்சு," என்றார். குரல் உடைந்திருந்தது. அவள் இருமிய இருமலுக்கு ஒரு நாளும் அந்தக் குரல் உடைந்ததில்லை.

"ஒரு நூல்தானேங்க," என்றாள் அக்கா.

அத்தான் கையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வேறு பலகை எடுத்தார்.

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. தெருமுனையில் மூச்சு வாங்க நின்றபோதும் அதைக் கீழே வைக்கவில்லை.