உழவுச் சண்டைப் படம்

மயிலாத்தாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டச்சு செய்துகொண்டே வருகையில் திடீரென்று நின்றுவிடுவாள். வலதுகை விரலால் இடது உள்ளங்கையில் ஓர் எழுத்தை எழுதிப் பார்ப்பாள். பிறகு, மை ஒட்டிவிட்டதுபோல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு விசையைத் தட்டுவாள். சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் முஸ்தபா ஜெராக்ஸ் கடையில் பதினான்கு வருடமாக எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அக்கா கைரேகை பார்க்கிறது என்று கல்லூரிப் பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் நிமிர மாட்டாள்.

கிணத்துக்கடவுக்குத் தெற்கே அவள் பிறந்த ஊரில் 'ழ' சொல்லுகிறவர் யாரும் இல்லை. மழையும் மளைதான், உழவும் உளவுதான். ஆறாம் வகுப்பில் அவள், 'என் அப்பா உளவு செய்கிறார்' என்று எழுதிவைத்தாள். டீச்சர் அதை உரக்கப் படித்துக் காட்டினார். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். என்னத்துக்குச் சிரித்தார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. 'உழவு' என்று நூறு தடவை எழுதி வரச் சொன்னார்கள், எழுதினாள். 'உளவு' என்று ஒரு சொல்லே கிடையாது என்பது அன்றைக்கு மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. எட்டாவதோடு படிப்பும் நின்றது. மில் வேலைக்கு வந்தாள். மில் மூடியபின் இந்தக் கடையில் ஜெராக்ஸ் எடுக்கச் சேர்ந்தாள். அப்போது தட்டச்சில் இருந்த பிரவீனாவின் விரல்களை இரண்டு வருடம் தள்ளி நின்றே பார்த்துக்கொண்டிருந்தவள், பிரவீனா கல்யாணமாகிப் போன மறுநாள் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்துக் காட்டினாள். கடைக்காரர் முஸ்தபா வாயைத் திறந்தபடி நின்றார்.

அந்த நாற்காலி மூலையில், சுவரைப் பார்த்துப் போட்டது. யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. ஜெராக்ஸ் மிஷின் வாசலில் இருக்கிறது. அங்கே நின்றால் நாள் முழுக்க ஆட்களோடு பேசவேண்டும். மயிலாத்தாளுக்கு அது ஆகாது.

இந்த வருடம் மாசி மாதம் அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு கல்யாண பேனரில் 'மணவிழா'வை 'மனவிழா' ஆக்கிவிட்டாள். பெண் வீட்டார் வந்து கத்திவிட்டுப் போனார்கள். முஸ்தபா கோபக்காரர் இல்லை. அமைதியாகத்தான் சொன்னார்.

"உக்கடத்துல எங்க மச்சான் கடையில போன்கிட்டப் பேசறாங்க மயிலு, அதுவே தமிழ்ல அடிச்சுக் குடுத்துடுது. இன்னொரு தப்பு வந்துச்சுன்னா நானும் அப்படித்தான் பண்ணப்போறேன். நீ வாசல் மிஷினுக்குப் போயிடு."

"சரிங் பாய்," என்றாள் சுவரைப் பார்த்தபடி.

அந்த வாரத்தில்தான் லோகப்பிரியா வந்தாள். தமிழ் எம்.ஏ. கடைசி வருடம், ஊர் பொள்ளாச்சிப் பக்கம். கையால் எழுதிய தொண்ணூறு பக்க ஆய்வேட்டை மேசையில் வைத்தாள்.

"ஏனுங்க்கா, புதன்கிழமை அஞ்சு காப்பி வேணுங்க்கா. எங்க கைடு ஒரெழுத்து தப்பா இருந்தாலும் திருப்பி அனுப்பிச்சுப்போடுவாங்க."

"கேட்டுக்கிட்டியா மயிலு?" என்றார் முஸ்தபா கல்லாவிலிருந்தே.

மயிலாத்தாள் முதல் பக்கத்தைப் பார்த்தாள். 'ஓர் உளவுச் சண்டைப் படத்தில் பாலினம், செல்வம், வகைமை, எடுத்துரைப்பு.' விரல் தானாக உள்ளங்கைக்குப் போயிற்று. பாவம், நம்ம பக்கத்துப் பிள்ளை, நம்மைப் போலவே எழுதியிருக்கிறது என்று ஒரு பாசம் வந்தது. 'உழவுச் சண்டைப் படத்தில்' என்று திருத்தி அடித்தாள்.

திருத்தியபின் தலைப்பு அவளுக்கு நன்றாகவே விளங்கியது. உழவுச் சண்டை அவள் பார்க்காததா? ஏர் ஓட்டும்போது வரப்பை அரையடி தள்ளி ஓட்டிவிட்டால் பங்காளிகள் மண்வெட்டியோடு நிற்பார்கள். பாலினம் என்றால் பால் மாட்டு இனம். நிலமும் மாடும் இருந்தால் செல்வம் வராமல் எங்கே போகும்? வகைமையும் எடுத்துரைப்பும்தான் பிடிபடவில்லை. படித்தவர்கள் அப்படி இரண்டு சொல் போடுவார்கள் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் பக்கத்தில் நன்றியுரை. 'உழவுத் தொழில் செய்து என்னைப் படிக்க வைத்த என் தந்தை திரு. அங்கப்பன் அவர்களுக்கு' என்று இருந்தது. இங்கே மட்டும் பிள்ளை 'ழ'வைச் சரியாகப் போட்டிருந்தது. அப்பாவைப் பற்றி எழுதும்போது கவனம் வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வழக்கமாக அவள் எழுத்தைத்தான் பார்ப்பாள், அர்த்தத்துக்குப் போகமாட்டாள். ஆனால் இந்தத் தொண்ணூறு பக்கமும் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டது. உள்ளே இருந்த 'உளவாளி'யையும் 'உழவாளி' ஆக்கிக்கொண்டே போனாள். 'உழவாளி கோட்டு சூட்டு அணிந்தே எப்போதும் பணிக்குச் செல்கிறான்' என்று வந்தது. சேற்றிலா? அடுத்த பக்கத்தில் உழவாளி விமானத்திலிருந்து குதித்தான். அவன் தங்கும் விடுதியின் ஒரு நாள் வாடகையில் ஒரு குடும்பம் வருடம் பூராவும் சாப்பிடலாம் என்று எழுதியிருந்தது. ஏர் ஓட்டி அவ்வளவு வருமா? அவள் அப்பாவுக்கு வரவில்லையே.

'பெண் உழவாளி எதிரியை மயக்கித் தன் வேலையை முடிக்கிறாள். ஆண் உழவாளி சுட்டு முடிக்கிறான்' என்ற இடத்தில் மயிலாத்தாள் அரைமணி நேரம் நின்றுவிட்டாள். அவர்கள் ஊரில் பெண்கள் நாற்று நடுவார்கள், களை எடுப்பார்கள். ஏர்க்கலப்பையைப் பிடித்து அவள் பார்த்ததில்லை. இந்தப் பெண் பிடிக்கிறாள், அதுவும் முதுகு திறந்த நீள கவுன் போட்டுக்கொண்டு. எழுபது பக்கம் போயும் ஒரு மாடுகூட வரவில்லை. பாலினம் என்ற சொல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வந்தது.

யாரையாவது கேட்கலாம். கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று நாற்காலி போய்விடும். அவள் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லோகப்பிரியா அச்சுப்பிரதியைப் பார்க்க வந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். புரட்டினாள். இன்னும் புரட்டினாள். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா! என்னங்க்கா இது, படம் பூரா ஏர் ஓட்ட உட்டுப்போட்டீங்களே!"

நல்லவேளை, முஸ்தபா தொழுகைக்குப் போயிருந்தார்.

"நீதான் கண்ணு தப்பா எழுதியிருந்தே," என்றாள் மயிலாத்தாள்.

"உளவுங்க்கா, உளவு! வேவு பாக்கறது! அடுத்த நாட்டு ரகசியத்தைத் திருடறது!"

"வேவுன்னு எழுதியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே அம்மணி."

"டிவியில உளவுத்துறை எச்சரிக்கைன்னு சொல்றாங்கல்ல, கேட்டதில்லீங்களா?"

கேட்டிருக்கிறாள். அது விவசாய ஆபீஸ் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். எச்சரிக்கை என்றால் மழைக்கோ பூச்சிக்கோ இருக்கும் என்று. அதைச் சொன்னதும் லோகப்பிரியா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மயிலாத்தாளுக்குத் தெரியவில்லை.

"பாலினம்னா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆணு, பொண்ணுங்க்கா. நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

"ஒண்ணுமில்லீங்க அம்மணி."

தலை நிமிர்ந்த லோகப்பிரியா, சொல்லுவதைவிடக் காட்டுவது சுலபம் என்று போனை எடுத்தாள். தமிழில் பேச்சு மாற்றிய வெளிநாட்டுப் படம். ஒரு பெரிய விடுதி. கோட்டுப் போட்டவன் நடந்தான். கவுன் போட்டவள் கண்ணாடிக் கிண்ணத்தோடு சிரித்தாள். தாழ்வாரத்தில் இருவர் சுட்டுக்கொண்டார்கள். பத்து நிமிடம் மயிலாத்தாள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"ஏங் கண்ணு, அந்தத் துணி வண்டி தள்ளீட்டுப் போறவ யாரு?"

"எந்த வண்டிங்க்கா?"

"மூணு தடவை வந்துட்டாளே. அவன் ரூமுக்குள்ள போறப்போ பாத்தா. அந்தக் கவுன்காரி சாவி எடுக்கறப்போ பாத்தா. சுட்டதையும் பாத்துப்போட்டு, படுக்கை விரிப்பை எடுத்து வண்டியில போட்டுட்டுப் போறா. நெசமா வேவு பாக்கறது அவதானே?"

லோகப்பிரியா படத்தைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். வண்டி மூன்று தடவை வந்தது.

"அவ சும்மா பின்னால நிக்கறவங்க்கா. கதையில கெடையாது."

"படத்துல இருக்கறாளே?"

"படத்துல இருக்கறா, கதையில இல்ல. அதான் எடுத்துரைப்புங்கறது. ஐயோ, மணி ரெண்டாச்சு, மாத்துங்க்கா!"

மயிலாத்தாளுக்குக் குழப்பம் கூடித்தான் போயிற்று. ஒருத்தி படத்தில் இருந்துகொண்டு கதையில் எப்படி இல்லாமல் போவாள்? ஆனால் முஸ்தபா வரும் நேரம். விசையின் ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றும் வழியைப் பிரவீனா செய்யும்போது பார்த்து வைத்திருந்தாள். 'உழவு' இருந்த இடமெல்லாம் 'உளவு' ஆனது, 'உழவாளி' 'உளவாளி' ஆனான். இருவரும் தலைப்பைப் பார்த்தார்கள், நடுவில் நாலு பக்கம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சாயங்காலம் கறுப்பு அட்டை, பொன்னெழுத்து போட்டு ஐந்து பிரதி தயாரானது. முஸ்தபா ஒன்றைத் தடவிப் பார்த்து, "மாஷா அல்லா," என்றார்.

மூன்று வாரம் கழித்து வாய்மொழித் தேர்வு. அன்று மத்தியானம் கடை வாசலில் லோகப்பிரியா நின்றாள். கூடவே வெள்ளை வேட்டியில் உயரமான ஒருவர், கையில் கறுப்பு அட்டைப் பிரதி.

"பாய், வணக்கமுங்க. நான் லோகப்பிரியா அப்பன், அங்கப்பன்," என்றார். "நான் எந்த நாட்டுக்கு வேவு பாத்தேன்னு உங்க கடையில கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. ஊருக்குப் போனா சொல்லணுமில்லீங்க?"

முஸ்தபா வாங்கிப் படித்தார். 'உளவுத் தொழில் செய்து என்னைப் படிக்க வைத்த என் தந்தை.'

மயிலாத்தாள் சுவரைப் பார்த்தபடியே காதில் வாங்கினாள். ஒரே தட்டில் மாற்றியதில், நன்றியுரையில் சரியாக இருந்த அந்த ஒன்றும் மாறிப்போயிருக்கிறது.

"வெளிக் கல்லூரியிலிருந்து வந்த சார் எல்லார் முன்னாலயும் படிச்சாருங்க்கா," என்றாள் லோகப்பிரியா. மூக்கு சிவந்திருந்தது. "அப்பா இன்னும் பணியில இருக்காரா, ஓய்வு வாங்கியாச்சான்னு கேட்டாரு. நான் முழிக்கறேன்."

"பாஸ் போட்டுட்டாங்கல்ல, உடு அம்மணி," என்றார் அங்கப்பன். "பக்கத்துத் தோப்புக்காரன் எப்ப மோட்டார் போடறான்னு எட்டிப் பாப்பேன். அதத் தவிர நான் ஒரு வேவும் பாத்ததில்லீங்க பாய்."

முஸ்தபாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "மயிலு," என்றார்.

அவள் எழுந்து நின்றாள். "நான்தானுங் பாய். மொதல்ல எல்லாத்தையும் தப்பா அடிச்சேன். அப்பறம் தப்பையெல்லாம் மாத்தறப்போ சரியானதும் போயிருச்சு." அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசிக் கடையில் யாரும் கேட்டதில்லை. சொல்லிவிட்டுத் தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசல் மிஷின் பக்கம் நடந்தாள்.

முஸ்தபா போனை எடுத்தார். "இனி இதுதான்," என்றவர், 'உழவு' என்று வரவேண்டும் என அதனிடம் பேசினார். "உளவுத் தொழில் செய்து." போன் 'உளவுத் தொழில் செய்து' என்று அடித்தது. மறுபடியும் அழுத்திச் சொன்னார். மறுபடியும் அதேதான்.

"குடுங்க, நான் சொல்றேன். பொறந்ததுலிருந்து அந்த வேலைதானே செய்யறேன்," என்று அங்கப்பன் வாங்கிக் கத்தினார். போன் அவரையும் உளவாளி ஆக்கியது.

"நீ சொல்லு மயிலு."

அவள் போனிடமும் வெட்கப்பட்டாள். வாய்க்குள் சொன்னாள். 'உலவு' என்று வந்தது.

லோகப்பிரியா பிடுங்கி, நாக்கை மடித்து, "உழவு" என்றாள். சரியாக வந்தது. "நான் தினமும் வந்து சொல்ல முடியுங்களா?" என்றாள் கோபத்தோடு. சொன்னபின் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முஸ்தபா போனைச் சட்டைப்பையில் போட்டார். "இந்த ஊர் நாக்கை வெச்சுக்கிட்டு இதுகிட்டப் பேசினா கடையை மூடவேண்டியதுதான்," என்றார். பிறகு அவளைப் பார்க்காமலே, "அந்த ஒரு பக்கத்தை மறுபடியும் அடி. வெட்டி ஒட்டிக் குடுத்துடலாம்."

"வேண்டாமுங்க, இருக்கட்டும்," என்று அங்கப்பன் பிரதியை வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டார். "என்ற பங்காளிக்குக் காட்டணும். கொஞ்சம் பயப்படுவான்."

தன்னை மன்னித்தார்களா, வேறு வழியில்லாமல் விட்டார்களா என்று மயிலாத்தாளுக்கு விளங்கவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தை அடித்து வைத்தாள்; வாங்கத்தான் யாரும் வரவில்லை.

இப்போதும் அவள் அதே மூலை நாற்காலியில் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒரே தட்டில் எதையும் மாற்றுவதில்லை. ஒவ்வோர் இடமாகப் போய், உள்ளங்கையில் எழுதிப் பார்த்து மாற்றுகிறாள். கல்லூரி நூலகத்தில் இருக்கும் பிரதியில் அங்கப்பன் இன்னும் உளவுத் தொழில்தான் செய்கிறார். அந்தப் படத்தின் மீதியை மயிலாத்தாள் பார்க்கவில்லை. துணி வண்டி தள்ளியவள் கதையில் ஏன் இல்லை என்பது அவளுக்கு இன்னும் புரியவில்லை.