எதிர்முனையில் ஒரு பாட்டு

ஒரு ஆங்கிலப் பாட்டின் ஆரம்பம் மட்டும் எனக்கு மனப்பாடம். அதற்குமேல் என்ன வருகிறது என்று ரொம்ப வருஷம் எனக்குத் தெரியாமலே இருந்தது. அது எங்கள் வீட்டுப் பாட்டே இல்லை. மாரெட்பள்ளியில் இருந்த யாரோ ஒரு அக்காவின் போனில் இருந்த பாட்டு.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. தாத்தா ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்து அப்படியே சிகந்திராபாத்தில் தங்கிவிட்ட குடும்பம். அல்வாலில் வாடகை வீடு. அப்பாவும் சித்தப்பாவும் எட்டாவதைத் தாண்டவில்லை. நான் இங்கிலீஷ் மீடியம் என்பதால் மருந்துச் சீட்டு முதல் மிக்ஸி டப்பாவில் எழுதியிருப்பது வரை என்னிடம்தான் நீட்டுவார்கள். தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லிவிடுவேன்.

சித்தப்பா கச்சிபௌலியில் ஒரு கம்பெனிக்கு கேப் ஓட்டினார். சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்புமுன் வாசலில் வண்டியைக் கழுவுவார். உதவி செய்கிற சாக்கில் நான் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைப்பார். மணி அடிப்பதற்குப் பதிலாக அந்தப் பாட்டு வரும். அப்போதெல்லாம் ஆளாளுக்கு காலர் ட்யூன் வைத்திருந்தார்கள். வைத்தவர் காதில் அது விழாது, கூப்பிடுகிறவருக்குத்தான் கேட்கும்.

முதலில் ஒரு கிட்டார் மட்டும், மழை விட்டபின் தகரக் கூரையிலிருந்து சொட்டுவது மாதிரி. பிறகு கரகரத்த குரலில் ஒருவன், கெஞ்சுகிறானா சண்டை போடுகிறானா என்று பிடிபடாமல் பாடுவான். டிரம்ஸ் விழப்போகிற நேரத்தில் பாட்டு நின்று, எதிர்முனையில் பதிலில்லை என்று ஒருத்தி தெலுங்கில் சொல்லிவிடுவாள். தினமும் இப்படித்தான்.

"டேய் இங்கிலீஷ் ஸ்கூலு, கைக்குடா, ஏன்டா இவன் இப்படிக் கத்துறான்? என்ன வேணுமாம்?" என்று ஒருநாள் கேட்டார்.

"லவ்வு சித்தப்பா."

"அது எனக்கே தெரியுது. லவ்வுல என்னடா?"

"லவ்வுன்னா லவ்வுதான். அவ்ளோதான்."

"உனக்கு ஃபீஸ் கட்டுறது தண்டம்" என்று தலையில் தட்டினார்.

பாட்டு தொடங்குமுன் இன்னொரு குரல், இந்த ட்யூன் உங்களுக்கும் வேண்டுமானால் ஸ்டாரை அமுக்குங்கள் என்று சொல்லும். "அமுக்கு சித்தப்பா, நம்ம போனுக்கும் வந்துரும்" என்று நான் தினமும் நச்சரிப்பேன்.

"நக்கோடா, வேணாம். நம்ம போன்ல இருந்தா நமக்கா கேக்கும்? அது அங்கயே இருக்கட்டும்" என்பார்.

மற்றதெல்லாம் நான் வளர்ந்தபின் அம்மா சொன்னது. அந்த அக்கா சித்தப்பாவின் கேப்பில் வேலைக்குப் போய்வந்தவள். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் படித்த குடும்பம். வண்டியில் அந்தப் பாட்டை அவள்தான் போடுவாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும், ஒரு தடவை வந்து எங்கப்பாவிடம் பேசு என்றிருக்கிறாள். சித்தப்பா வாயே திறக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் கேப்பில் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அந்தப் பாட்டை மட்டும் போனில் வைத்திருந்தாள். "எட்டாவது ஃபெயிலு அண்ணி, அங்க போய் நான் என்னத்தப் பேசன்னு இந்த வாசல்லதாண்டா உக்காந்து அழுதான்" என்றாள் அம்மா.

இப்போது எனக்கும் கச்சிபௌலியில்தான் வேலை. ஆபீஸ் விழா எதுவானாலும் யாராவது கிட்டாரை எடுத்தால் அந்தப் பாட்டில்தான் வந்து நிற்பார்கள். அது வெளிவந்தபோது என் அப்பாவே அரை டவுசர். ஆனால் நேற்று வேலையில் சேர்ந்த பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடுகிறார்கள். அங்கேதான் முதல்முறையாக முழுப்பாட்டையும் கேட்டேன், வார்த்தைகளும் புரிந்தன. அவன் வா என்று கேட்கவில்லை, என்னைக் காதலி என்றுகூடக் கேட்கவில்லை. ஏதாவது ஒன்று சொல், போய்விடு என்றாவது சொல், சும்மா நிற்காதே. திரும்பத் திரும்ப அவ்வளவுதான் கேட்கிறான். எந்தக் காலத்திலும் யாரோ ஒருவர் சொல்லாமலே நின்றுவிடுவதால்தான் அந்தப் பாட்டு சாகமாட்டேன் என்கிறதோ என்னவோ. நான் அன்று கூடப் பாடவில்லை. சித்தப்பாவிடமும் சொல்லவில்லை. சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? அவர் இன்னும் அதே ரோட்டில்தான் வண்டி ஓட்டுகிறார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வண்டியில் பாட்டு கிடையாது. கேட்டால் செட்டு ரிப்பேர் என்பார்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்த அந்த நாட்களில், ஒருநாள் சாயங்காலம் பாட்டு வழக்கமான இடத்துக்கு முன்பே நின்றது. தெலுங்குக்காரி வரவில்லை. எதிர்முனையில் விசேஷ வீடு மாதிரி நிறையப் பேர் பேசுகிற சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. நடுவில் ஒரு பெண் குரல், மெதுவாக, "சொல்லு" என்றது.

சித்தப்பா ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்தது.

"சொல்லு" என்றது குரல் மறுபடியும்.

துணியிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டியது. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புப் பட்டனை அமுக்கியது அவருடைய கட்டைவிரல்தான்.

மறுநாள் அதே நேரத்துக்குக் கூப்பிட்டார். ட்ரிங் ட்ரிங் என்று வெறும் மணி. நம்பரை ஒருமுறை சரிபார்த்துவிட்டு மறுபடி போட்டார். மணிதான்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அன்னைக்கே ஸ்டாரை அமுக்குன்னு சொன்னேன்ல? இப்பப் பாரு, பாட்டு போச்சு" என்றேன்.

"ஹவ்டா, ஆமா, போச்சு" என்றார். போனை சட்டைப்பையில் போட்டுவிட்டு, கழுவி முடித்த வண்டியையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தார். நான் அவரோடு பேசாமல் உள்ளே போய்விட்டேன். டிரம்ஸ் விழுகிற இடத்தை இனிமேல் கேட்கவே முடியாதே என்ற துக்கத்தில் அன்று ராத்திரி சாப்பிடக்கூட இல்லை. சித்தப்பாவும் சாப்பிடாமலேதான் டியூட்டிக்குப் போயிருந்தார். அவருக்கும் அந்த இடம்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.