கியர்பெட்டியில் புகுந்த தண்ணீர்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். ஒரு திருகாணிக்கு அடியில் வைக்கும் சின்ன வாஷர்தான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். காரணம் நான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

கள்ளிக்காட்டில் அணைத் தண்ணீருக்கு அக்கரையில் இருப்பவர்களை இக்கரைக்குக் கொண்டுவிடும் படகு அப்பாவுடையது. படகின் பின்னால் மாட்டியிருந்த மோட்டாருக்கு ஆயில் மாற்றுவது சித்தப்பாவின் வேலை. ஒரு நாள் அப்பா கியர்பெட்டியின் அடி ஆணியைக் கழற்றியபோது, கறுப்பாய் வரவேண்டிய ஆயில் பால் விட்ட சாயாபோல் வந்தது. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் பல்சக்கரங்கள் கெட்டு, ஆட்களோடு நடுத்தண்ணீரில் நின்றுபோகும்.

“எலே, பழைய வாஷரயே போட்டு முறுக்கிருக்க. அதாக்கும் வெள்ளம் கேறினது” என்றார் அப்பா.

“இல்லண்ணே, புதுசுதான் போட்டேன்.”

“பின்ன வெள்ளம் வானத்துலேருந்தா வந்துது?”

சித்தப்பா எழுந்து போய்விட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டுக்குச் சாப்பிடவும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை அம்மாதான் போய் அவரைக் கூட்டிவந்தாள். எங்கே ஒழுகுகிறது என்று தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். கியர்பெட்டி முங்கும் அளவுக்குப் பாத்திரம் எங்களிடம் கிடையாது. ஆலயத்தில் ஊருக்கே அசன விருந்துச் சோறு பொங்கும் பெரிய வார்ப்புப் பாத்திரத்தை இரவல் வாங்கி வந்தாள்.

“இதுல எண்ணெ மணம் பிடிச்சா, அடுத்த அசனத்துல ஊரே எனக்க மொகத்தப் பாத்து மூக்கப் பொத்தும். சொல்லிட்டேன்.”

அப்பா மேல்துளையில் சைக்கிள் பம்பின் குழாயைப் பொருத்திக் காற்றடித்தார். சித்தப்பா பெட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் வார்ப்புக்குள் குனிந்து பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. நான் தள்ளி நின்று ஃப்ராக் நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“வெள்ளம் கேறாம அடைக்கிற ரப்பர் சீலெல்லாம் நல்லாத்தான் உண்டு. இப்ப நான் முறுக்குனதுனால ஆணியும் ஒழுகல்ல. அப்போ நீ விட்ட பிழையாக்கும்” என்றார் அப்பா.

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “செரிண்ணே. இனி வேற ஆளப் பாத்துக்கிடுங்க. அண்ணி, நான் வாறேன்.”

செருப்பையும் மாட்டிவிட்டார். படி இறங்கினால் திரும்ப வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. எங்கிருந்துதான் அத்தனை சத்தம் வந்ததோ!

“அப்பா, எனக்க தூண்டி நரம்பு விசிறில சுத்திப்போச்சு!”

ஓடும் படகில் தூண்டில் போடக்கூடாது என்று அப்பா நூறு தடவை சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வாரம் ஒரு நாள், அவர் பார்க்காதபோது நான் பின்பக்கம் குனிந்து போட்டேன். தூண்டிலின் நைலான் நரம்பு, தண்ணீருக்குள் சுழலும் மோட்டார் விசிறியில் மாட்டி வெடுக்கென்று கையைவிட்டுப் போனது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் காலையில் அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

விசிறியைக் கழற்றும் சத்தம்தான் கேட்டது. விசிறிக்குப் பின்னால், அது சுழலும் தண்டில் இறுகச் சுற்றியிருந்த நரம்பு ரப்பர் சீலை அறுத்திருந்தது. மறுபடி முக்கி, தண்டைக் கையால் சுழற்றிக்கொண்டே காற்றடித்தபோது அந்த இடத்திலிருந்து குமிழிகள் சரம்சரமாக மேலே வந்தன.

“நீ சொன்னது நல்லதாப் போச்சு மக்கா” என்றார் சித்தப்பா. என்னால் இரண்டு நாள் பழி சுமந்த மனிதர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

மத்தியானம் அப்பா நெய்யாற்றின்கரைக்குப் போய்ப் புது சீல் வாங்கிவந்தார். இந்த மாதிரி நுணுக்கமான வேலையில் அவர் யாரையும் கைவைக்க விடமாட்டார். அன்று அதைச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

“நீயே போடு. ஆணியும் நீயே முறுக்கு.”

பிறகு பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கேட்ட ஸ்பானரையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சித்தப்பா முறுக்கி முடித்ததும், ஆணி இறுகியிருக்கிறதா என்று அப்பா வழக்கம்போல் தானும் ஒருதரம் முறுக்கிப் பார்க்கவும் இல்லை.

அப்பா களைத்துப்போய்விட்டார் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.