அம்மா மடியில் செருகிய செய்தி

ஈயம் உருகும் வாசனைதான் எங்கள் வீட்டு வாசனை. மிஷன் பள்ளியில் இயற்பியல் நடத்திய அப்பா, அரசாங்க லைசென்ஸ் வாங்கி, தன் கையாலேயே கட்டிய வயர்லெஸ் பெட்டியில் மாலைதோறும் மதுரைக்காரர் ஒருவரோடும் கொழும்புக்காரர் ஒருவரோடும் பேசிக்கொண்டிருப்பார். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் "பேச்சுப் பொட்டி".

பக்கத்து வீட்டுத் தோணி முதலாளிக்கு அது ஆகவில்லை. அப்பா பேசும்போதெல்லாம் அவருடைய ரேடியோவில் பாட்டுக்கு நடுவே "கொரகொர" என்று இரைந்ததாம். சரிசெய்து தருகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கடத்தல்காரர்களுக்கு இங்கிருந்துதான் தகவல் போகிறது என்று "மொட்டைக் கடுதாசி" போய்விட்டது. எழுபதுகளில் எங்கள் கடற்கரையில் கடத்தல் என்ற ஒரு சொல் போதும். ஜீப் வந்து பெட்டியை அள்ளிக்கொண்டு போனது. அப்பாவை மூன்று நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். லைசென்ஸ் உண்மைதான் என்று மேலிடத்திலிருந்து பதில் வர ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் பள்ளியில் நான் "கடத்தக்காரன் மவ". மாதா கோயிலில் அம்மா உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பெட்டியைத் திருப்பித் தந்த அதிகாரியே, எழுதியவர் பெயரையும் சொல்லிவிட்டுப் போனார்.

"பொறு மவளே, நமக்கும் ஒரு நாள் வரும்" என்றாள் அம்மா.

வந்தது, புயலோடு. தந்திக் கம்பங்கள் சாய்ந்து, ஊரில் ஒரு டெலிபோனும் பேசவில்லை. துறைமுக அதிகாரிகளும் ஆஸ்பத்திரிக்காரர்களும் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். கார் பேட்டரியில் பெட்டியை ஓடவிட்டு, காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமல் அப்பா இரண்டு நாள் பேசினார். வாசலில் நின்றவர்களிடம் சேதி எழுதி வாங்குவதும், வந்த பதிலைச் சொல்வதும் அம்மா.

மூன்றாம் நாள் காலை அந்த வரிசையில் முதலாளி நின்றார். புயலுக்கு முதல் நாள் கொழும்புக்குப் புறப்பட்ட அவர் தோணியில் அவருடைய மூத்த மகனும் இருந்தான். அதே தோணியில் வேலைக்குப் போனவனுடைய மனைவி ரோசம்மா, கைக்குழந்தையோடு படியில் உட்கார்ந்திருந்தாள்.

சற்று நேரத்தில் கொழும்புக்காரர் சொன்னதை அப்பா தாளில் எழுதி, திரும்பிப் பார்க்காமலே அம்மாவிடம் நீட்டினார். பக்கத்தில் நின்ற நானும் படித்தேன். தோணி மன்னார்ப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.

அம்மா அந்தத் தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, மொட்டைக் கடுதாசி எழுதுனது யாருன்னு இங்கன நிக்கிறவுக முன்னால சொல்லுங்க. பொறவு உங்க தோணியப் பத்திப் பேசுவோம்."

"எந்தக் கடுதாசிம்மா?"

"அப்பம் நில்லுங்க."

ஒரு மணி நேரம் நின்றார். தண்ணீர் கேட்டார், அம்மா செம்பு நிறையக் கொடுத்தாள். பாதித் தண்ணீரை வேட்டியில் சிந்திக்கொண்டு அவர் குடித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்கு, அந்த நேரம் இன்னும் நீளாதா என்று இருந்தது.

கடைசியில், "நாந்தான் எழுதுனேன்" என்றார்.

"பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

"நாந்தான் எழுதுனேன். சார் ஒரு தப்பும் செய்யல. எம்புள்ள இருக்கானா, அத மட்டும் சொல்லுங்க."

அம்மா தாளை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். அவர் ஈர மணலில் உட்கார்ந்து அழுதார். ரோசம்மா அழவில்லை.

"இது எப்பம்க்கா வந்துச்சு?" என்று கேட்டாள். அம்மா தாளை மறுபடி மடித்தாள். "என்னையுமாக்கா காக்க வச்சிய?"

அன்று மத்தியானம் விஷயம் அப்பாவுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பதிலையும் தானே எழுந்துபோய் வாசலில் சொன்னார்.

இன்று எல்லோர் கையிலும் செல்போன். கொழும்புத் தோணிகள் நின்றுவிட்டன. முதலாளி வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். அப்பாவின் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டது நான்தான். அம்மா சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவளிடம் கேட்டேன்.

"ரோசம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கணும்" என்றாள். பிறகு, "அவன இன்னும் ஒரு மணி நேரம் நிக்க வச்சிருக்கலாம்" என்றாள்.